படத்தில் ஒரு பெண் இருக்கிறார்

“படத்தில் ஒரு பெண் இருக்கிறார். அவர் கோபமாக இருப்பதுபோல் தெரிகிறது.”

போனுக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடைக்காரி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

“கேட்டீங்களா மேடம்?” என்றார் மறுமுனையில் மறுவாழ்வு இல்லத்து நிர்வாகி. “எனக்குக் கண் தெரியாது. உங்க வெப்சைட்ட என் போன்தான் எனக்கு வாசிச்சுக் காட்டும். பட்டன் வந்தா ‘பொத்தான், பொத்தான்’னு மட்டும் சொல்லுது, எதுக்கான பொத்தான்னு சொல்ல மாட்டேங்குது. படம் வந்தா இப்படி. பன்னெண்டு நாற்காலிப் படத்துக்கும் இதே கததான். எனக்கு வேண்டியது என்னன்னா...”

“யார் எழுதினது மேடம் அத?” என்று குறுக்கே வெட்டினாள் கடைக்காரி.

“அது வந்து...”

“வேணாம், நீங்க சொல்லவே வேணாம். யார்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்.”

வைத்துவிட்டாள். எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வராத வேலை.

அவள் கடையில் விற்பது சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், குளியலறை முக்காலி. முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை, மாடியில் வீடு. பட்டறையில் மெக்கானிக் பதினெட்டு வருஷமாக இருக்கிறார். உட்காரப் போகிறவரின் இடுப்பையும் காலையும் அளந்து, கைப்பிடியை அறுத்து, பிரேக்கை நகர்த்தி, ஆளுக்குத் தகுந்தபடி நாற்காலி செய்து தருகிற இடம் அந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். ஆனால் மெயின் ரோட்டில் பெரிய கடை வந்த பிறகு இங்கே ஆள் வரத்து குறைந்துவிட்டது. பட்டறை இருக்கும் பின்பக்கத்தைக் காலி செய்து கொடுங்கள் என்று கட்டடச் சொந்தக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் இல்லத்துக்கு நாற்பது நாற்காலி தேவை என்று தெரிந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் போய்விட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். இல்லத்தார் கேட்டது ஒன்றே ஒன்று. அங்கே இருப்பவர்கள் தங்கள் நாற்காலியை யார் உதவியும் இல்லாமல் தாங்களே வெப்சைட்டில் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குப் பார்வை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எந்தக் கடை என்று முடிவு.

அன்றைக்குச் செவ்வாய்.

வெப்சைட் செய்தது நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, மாடியிலேயே ஓர் அறையில் கம்ப்யூட்டரும் கையுமாக இருப்பவள். நாத்தனாரை நேராகத் திட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. திட்டிய பத்தாவது நிமிஷம் ஊரிலிருந்து மாமியார் போனில் வந்துவிடுவார். அதனால் பதினோரு வருஷமாக நாத்தனாருக்கு உரிய திட்டையெல்லாம் வீட்டுக்காரர் வழியாகத்தான் கடைக்காரி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் வழியில் பாதியைச் சிந்திவிட்டு மீதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இன்றைக்கு அந்த ஏற்பாடெல்லாம் போதாது. படி ஏறினாள்.

“நான் கோவக்காரியா?”

நாத்தனார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் சரியான பதில் எதுவும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். “என்ன ஆச்சு அண்ணி?” என்றாள்.

“படத்துல கோவமா ஒரு பொம்பள நிக்கிறாளாம். உலகம் பூரா வாசிச்சுக்கிட்டு இருக்கு. கண்ணு தெரிஞ்சவங்களுக்குத் தெரியாம, தெரியாதவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி ரகசியமா எழுதி வச்சிருக்கே.”

“நான் ஒண்ணும் எழுதல அண்ணி.”

“எழுதாம ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சா?”

“படத்துக்குக் கீழ விவரம் எழுத ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதறதுன்னு உங்ககிட்ட கேக்கலாம்னு மூணு தடவ கீழ வந்தேன். மூணு தடவையும் நீங்க...”

“கட்டம் இருக்குல்ல? ஒத்துக்கிட்டல்ல? அவ்வளவுதான். இனிமே அந்தக் கட்டத்துல ஒரு எழுத்து விழக் கூடாது. ஒரு புள்ளி விழக் கூடாது. பட்டனுக்கெல்லாம் பேரு வை. அந்தத் தண்ணி கலந்த பால் நிற எழுத்த மாத்திக் கருப்பாக்கு. படத்த நாங்க புதுசா எடுத்துத் தரோம்.”

பழைய படங்களில் பிழை எங்கே என்று அவளுக்கு ஓரளவு புரிந்துதான் இருந்தது. பன்னிரண்டு படத்திலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள்தான் நிற்கிறாள். கடை யாருடையது என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் படம் எடுத்த அன்றைக்கு மின்சாரம் இல்லை, கடைக்குள் புழுக்கம், அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பெரிய கடையில் ஏசி போட்டிருப்பதாகச் சொல்லித் தொலைத்தார்.

ஆக, இந்த முறை சிரிப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். மெக்கானிக் பட்டறையிலிருந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைக்காரி சிரித்தாள்.

“இன்னும் கொஞ்சம்” என்றார் வீட்டுக்காரர்.

“சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“இதுவா?”

“வேற எது?”

“அக்கா, பல்லு தெரியணும்” என்றார் மெக்கானிக். பல்லைக் காட்டினாள். பன்னிரண்டு நாற்காலிக்கும் பன்னிரண்டு சிரிப்பு. ஏழாவது நாற்காலியில் கன்னம் வலிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டாவது முடிந்த பிறகும் முகம் பழைய இடத்துக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று.

“கண்ணு தெரியாதவங்க பாக்கப் போற படத்துல உன் மூஞ்சி எப்படி இருந்தா என்னம்மா?” என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்ட ஆளும் நேரமும் சரியில்லை.

“பாத்தாங்கன்னா பரவாயில்ல, மறந்துடுவாங்க. இது காதுல போய் விழுதே” என்றாள் அவள்.

புதன்கிழமை மத்தியானம் நிர்வாகி குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். ஒரு நிமிஷம் இருபது வினாடி. கடைக்காரி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு போட்டாள்.

“வணக்கம் மேடம். எழுத்து, பட்டன் எல்லாம் இப்ப அருமையா வருது, ரொம்ப நன்றி. ஆனா படத்துக்கு இப்படி வருது, கேளுங்க.” அடுத்து அந்த அறிவிப்புக் குரல். “படத்தில் ஒரு பெண் இருக்கிறார். அவர் பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறார். வலியில் இருப்பதுபோல் தெரிகிறது. பின்னால் ஓர் ஆண் கதவருகே நிற்கிறார். அவர் வெளியே செல்ல விரும்பலாம்.”

மீதி ஐம்பது வினாடியை அவள் கேட்கவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

இப்போது அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரை இந்தக் கடைக்காக மாடாய் உழைக்கிறவளை, சொந்த வீட்டு ஆள் ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து கேலி செய்கிறார் என்றால் வலிக்காதா? வலித்தது. ஆனால் அவளுக்கு எது வந்தாலும் கோபத்தின் வழியாகத்தான் வரும்.

“கீழ வா” என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரும் வந்தார். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

“எழுதக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“அண்ணி, சத்தியமா நான் அந்தக் கட்டத்தத் தொடவே இல்ல.”

“அப்ப எனக்கு வலிக்குதுன்னு யாரு எழுதினது? நானா?”

“எனக்குத் தெரியாது அண்ணி.”

“தெரியாதா? பாஸ்வேர்டு உன்கிட்ட, கம்ப்யூட்டர் உன்கிட்ட, தெரியாதுன்னு சொல்றதும் நீயே. இந்த வீட்ல ஒருத்தருக்கு...”

“நான்தான் எழுதினேன்” என்றார் வீட்டுக்காரர்.

நாத்தனார் அண்ணனை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

“நீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

வீட்டுக்காரர் எச்சிலை விழுங்கினார். இவ்வளவு தூரம்தான் யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. “சும்மா. ஒரு வேடிக்கைக்கு.”

“எனக்கு வலிக்கறது உங்களுக்கு வேடிக்கையா? பின்னால நிக்கிற மெக்கானிக்கு வெளிய போக விரும்பலாமாம். உங்களுக்குத்தானே போகணும்? போங்களேன். யாரு புடிச்சு வச்சிருக்கா?”

வீட்டுக்காரர் உண்மையாகவே கதவுப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். மெதுவாக நகர்ந்து ஊன்றுகோல்கள் பக்கம் போய் நின்றார்.

ஒரு மணி நேரம் ஆடித் தீர்த்தாள். கல்யாணமான புதிதில் அவர் எதையோ பார்த்துச் சிரித்தது முதல் போன மாதம் சிரிக்காமல் இருந்தது வரை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். வீட்டுக்காரர் இனிக் கடைக்குள் கால் வைக்கக் கூடாது. மாடியில் இருக்க வேண்டியது.

அவர் படியேறிப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி இறங்கி வந்தாள்.

“அண்ணி, அண்ணன் மேல தப்பு இல்ல. நான்தான் எழுதினேன். அவரு என்னக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றாரு.”

“இப்பதானே சத்தியம் பண்ண?”

“பயத்துல பண்ணேன்.”

கடைக்காரிக்கு ஒரு கணம் தலைகால் புரியவில்லை. பிறகு நன்றாகவே புரிந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்துதான் எழுதியிருக்கிறார்கள். இவள் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வரி சொல்லி, விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு நாத்தனாரையும் மாடிக்கு அனுப்பினாள்.

மிச்சம் இருந்தது மெக்கானிக் ஒருவர்தான்.

“அக்கா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே.”

“இருவது நட்டு போல்ட்டக் கழட்டி அடுக்கறீங்க. இது என்ன பெரிய வித்த? ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. படத்துக்குக் கீழ இருக்கிற கட்டத்துல ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது.”

“எழுதுன்னாலும் எழுத மாட்டேன்க்கா” என்றார் மெக்கானிக்.

வியாழக்கிழமை காலை வெப்சைட் மெக்கானிக்கின் கைக்குப் போயிற்று. அவர் ஒற்றை விரலால் தட்டினார். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார். நன்றாக இருந்தது. இன்னும் பெரிதாக்கினார். இப்போது ஒரு திரைக்கு ஒரு சொல்தான் கொள்ளும். ‘சக்கர’ என்பதைப் பார்த்துவிட்டு ‘நாற்காலி’ வரைக்கும் போவதற்குள் விரல் தேய்ந்துவிடும். வாங்குவதற்கான பட்டன் கடைசியில் எங்கேயோ திரைக்கு வெளியே போய்விட்டது.

படத்தை மூன்றாவது தடவையாக எடுத்தார்கள். இந்த முறை சிரிப்பும் வேண்டாம், முறைப்பும் வேண்டாம், சும்மா நிற்பது என்று கடைக்காரி முடிவு செய்தாள். தனியாக நின்றால்தானே அவளைப் பற்றியே பேசுகிறது? பக்கத்தில் மெக்கானிக்கும் நிற்கட்டும். தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னாள். மெக்கானிக்குக்குப் படம் என்றால் கூச்சம். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சாயங்காலம் நிர்வாகியின் பதிவு வந்தது. கடைக்காரி பட்டறை வாசலில் நின்றபடியே போட்டாள்.

“படத்தில் ஒரு பெண் இருக்கிறார். அவர் விசாரணை நடத்துவதுபோல் தெரிகிறது. அருகில் ஓர் ஆண் கைகளைக் கட்டி, தலைகுனிந்து நிற்கிறார். இது ஒரு காவல் நிலையமாக இருக்கலாம்.”

மெக்கானிக் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுப் பிரேக்கை முடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நீங்களுமா?” என்றாள் கடைக்காரி.

“ஆமாக்கா.”

“இதுக்குத்தான் பதினெட்டு வருஷமா உங்கள என் கூடப் பொறந்தவரு மாதிரி வச்சிருந்தேனா? யாருக்காக இந்த ஆர்டருக்கு நாயா அலையறேன்? யாருக்காக?”

“தெரியும்க்கா.”

“அப்புறம் எதுக்கு எழுதினீங்க?”

“எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க, அதுக்கும் ஆமாங்கறேன். இந்த பிரேக்க முடிச்சிடறேன்க்கா, ஆளு காத்துட்டு இருக்காரு.”

பின்னால் ஒரு பெரியவர் கால் நீட்டிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார். அவர் மட்டும் இல்லாதிருந்தால் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனர் எங்கே பறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கடைக்காரி பேசாமல் திரும்பிப் போனாள். அவள் பேசாமல் போவதை மெக்கானிக் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அவளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இனி யாரையும் நம்புவதற்கில்லை. படம் இருந்தால்தானே பேச்சு வரும்? படத்தையெல்லாம் தூக்கிவிட்டால் தீர்ந்தது. தேடிப் பிடித்து ‘நீக்கு’ என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. அவளிடம் போய் நிச்சயமா என்று கேட்டால் எப்படி? நிச்சயம் என்று அழுத்தினாள். எல்லாவற்றையுமா என்றது. எல்லாவற்றையும்தான் என்றாள். உறுதியாகவா என்று மூன்றாவது தடவை கேட்டபோது, உயிரில்லாத ஒரு பெட்டியைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.

வெப்சைட் போயிற்று. படம் மட்டும் இல்லை, பெயர், விலாசம், பட்டன் எல்லாம். வெள்ளைத் திரை. மணி இரண்டரை.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. “மேடம், உங்க சைட் இப்ப எதுவுமே பேச மாட்டேங்குது” என்றார் நிர்வாகி. “பரவாயில்ல, நான் அந்தப் பக்கமாத்தான் வரேன். நேர்லயே வந்து பாத்துடறேன்.”

கடைக்காரி மாடியைப் பார்த்தாள். கூப்பிட வாய் வரவில்லை.

நாலு மணிக்கு வண்டி வந்து நின்றது. வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு ஒல்லியான ஒரு பெண் உள்ளே வந்தார். நேராக முதல் நாற்காலியிடம் போய் அதன் கைப்பிடியைத் தடவினார். இருக்கையைச் சாண் வைத்து அளந்தார்.

“இதுல ஒல்லியான ஆள் உக்காந்தா அசையுமா?”

“அசையும் மேடம்” என்றாள் கடைக்காரி. “பதினெட்டு அங்குலம் அது. ஒல்லியா இருந்தா பதினாறு எடுக்கணும், அது உங்க இடது கை பக்கம் இருக்கு. கை வலுவில்லாதவங்களுக்கு இந்த பிரேக் ஆகாது, நீளக் கம்பி வச்சது வேணும். கட்டில்லேர்ந்து நகர்ந்து உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி கழட்டற மாதிரி இருக்கணும். கையக் குடுங்க, இங்க ஒரு கொக்கி இருக்கு பாருங்க, கட்டை விரலாலயே தள்ளலாம். குட்டையா இருக்கறவங்களுக்குக் கால்பலகைய எங்க மெக்கானிக் ஏத்தித் தருவாரு. வாசல் நெலை குறுகலா இருந்தா சொல்லுங்க, சக்கரத்துக்கு வெளிய இருக்கிற வளையத்த ஒரு அங்குலம் உள்ள தள்ளிடலாம்.”

பன்னிரண்டு நாற்காலிக்கும் சொன்னாள். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. நாற்காலியைப் பற்றிப் பேசும்போது அவளுக்குக் கோபம் வருவதே கிடையாது. அது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரிய வாய்ப்பில்லை. படிக்கட்டு வளைவில் வீட்டுக்காரரின் தலையும் நாத்தனாரின் தலையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தன. பட்டறை வாசலில் மெக்கானிக் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இதத்தான் மேடம் நான் செவ்வாய்க்கிழமைலேர்ந்து கேக்கறேன்” என்றார் நிர்வாகி. “எங்க ஆளுங்களுக்கு வேண்டியது இந்த அகலமும் பிரேக்கும் கொக்கியும்தான். பெரிய கடை சைட்ல ‘உயர்தர நாற்காலி’ன்னு மட்டும் எழுதியிருக்கான். அத வச்சு நாங்க என்ன பண்றது? ஆர்டர் உங்களுக்குத்தான். இப்ப என்கிட்ட சொன்னீங்கள்ல, அத அப்படியே திங்கட்கிழமைக்குள்ள படத்துக்குக் கீழ இருக்கிற விவரக் கட்டத்துல போட்டுடுங்க. அவங்கவங்க நாற்காலிய அவங்கவங்களே எடுத்துக்குவாங்க.”

மெக்கானிக் துணியைக் கீழே போட்டார். கடைக்காரி நிர்வாகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்டிப்பா போட்டுடறோம் மேடம். சைட்ட இவங்க மேல இருக்கிற கோவத்துல நானே அழிச்சுட்டேன், எங்க நாத்தனார் திருப்பிக் கொண்டாந்துடுவா.”

“ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன் அண்ணி” என்றது படிக்கட்டு.

“அப்புறம் மேடம்” என்று கடைக்காரி குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் படத்துல கண்ட கண்டதும் உங்க காதுல விழுந்துச்சே, அதுக்கு மன்னிச்சுக்கணும். எல்லாம் எங்க ஆளுங்க எழுதின அசிங்கந்தான். நான் சும்மா விடல. வீட்டுக்காரரு, நாத்தனாரு, மெக்கானிக்கு, மூணு பேரையும் நிக்க வச்சுக் கேட்டேன். மூணு பேருமே ஒத்துக்கிட்டாங்க.”

நிர்வாகி நெற்றியைச் சுருக்கினார்.

“கட்டத்தக் காலியா விட்டா என் போனே படத்தப் பாத்துத் தனக்குத் தோணினதச் சொல்லும் மேடம். யாருமே எழுதாதத, மூணு பேர் எப்படி ஒத்துக்கிட்டாங்க?”